உறைப்பு நூடில்ஸ் வந்த வழி

திருகோணமலை நகரிலிருந்து வடக்கு நோக்கிக் கடற்கரை வழியே செல்பவர், நிலாவெளி, குச்சவெளி, திரியாய் என்னும் ஊர்களைக் கடந்து, ஏறக்குறைய 55 கிலோமீற்றர் தொலைவிற் புல்மோட்டையை அடைவர். முஸ்லிம் மக்கள் பெரும்பான்மையராக வாழும் கடலோர ஊர் அது. அதன் கரைமணல் கருநிறமானது. இல்மனைற் என்னும் கனிப்பொருள் அதிலே மிகுந்திருப்பதே அதற்குக் காரணம். இம்மணலை எடுப்பதற்கென 1957ஆம் ஆண்டில் அரசாங்கக் கூட்டுத்தாபனம் ஒன்று நிறுவப்பட்டது. புல்மோட்டையின் கருமணல் கப்பலேறிப் பிறநாடு சென்று, அங்கே வெண்ணிறச் சாயங்களுக்கு மூலப்பொருளாகிறது. அதே கரையில் அரிசிமலை என்றோர் இடமும் உண்டு. அங்குள்ள மணற்பரல்கள் அரிசியைப் போலத் தோன்றுவதால் அப்பெயர் வந்தது என்பர்.

அரிசியின் பெயரால் ஒரு மலையையே வைத்திருக்கும் இவ்வூரிலும், மாலை வேளையில் பிள்ளைகள் பசியென்று வந்து நின்றால், இன்று பல வீடுகளில் அடுப்பேறுவது நூடில்ஸ் என்னும் சீன உணவே. கடையிலே பொட்டலமாக வாங்கிய மாவிழையைக் கொதிநீரில் இட்டு, உறைப்புத் தூளைத் தூவி இறக்கிவிடுகிறார்கள். இதனை வீட்டிலேயே மா குழைத்து, இழை வெட்டி, உறைப்பெண்ணெய் காய்ச்சிச் செய்ய முடியும் என்பதைப் பலர் நினைப்பதில்லை. செய்ய முடியும். ஆயின் அதைச் சொல்லுமுன் ஒரு வினாவை எழுப்ப வேண்டும். இவ்வுணவில் சீனருடையது எது, நம்முடையது எது, இருவருக்கும் உரியதல்லாதது எது? இவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தால், நம் தீவின் சோற்றுப் பானை எதனை நம்பி அடுப்பிலே இருக்கிறது என்ற பெரிய வினாவிலே போய் முடிவதைக் காண்போம்.

சீனம் நமக்குப் புதிய நாடன்று. சீனி, சீனப்பட்டு, சீனக்காரம், சீனவெடி என்று நம் வீட்டுப் பேச்சிலே அந்நாட்டின் பெயர் நாள்தோறும் புழங்குகிறது. திருகோணமலைத் துறைமுகத்திலேயே சீனக்குடா என்றோர் இடம் உண்டு. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பாகியான் என்னும் சீனத் துறவி இத்தீவுக்கு வந்து, அநுராதபுரத்தில் இரண்டாண்டு தங்கினார். ஒருநாள் அங்குள்ள புத்தர் சிலையின் முன்னே, வணிகன் ஒருவன் காணிக்கையாக வைத்த வெண்பட்டு விசிறியைக் கண்டார். அது தம் நாட்டு விசிறி என்று அறிந்ததும், பிறந்த மண்ணை நினைந்து கண்ணீர் உகுத்தார் என்பது அவரே எழுதிவைத்த செய்தி. பட்டு விசிறி வந்த கப்பலிலே வேறு எவ்வெவை வந்தனவோ! மாவிழை வந்ததாக மட்டும் எவரும் எழுதவில்லை.

ஆயிரம் ஆண்டு கழித்து, மிங் பேரரசின் கடற்படைத் தலைவர் செங் ஹோ 1405 முதல் 1433 வரை ஏழு முறை இந்துமாகடலில் உலாவந்தார். அவர் காலிக்குக் கொண்டுவந்து நாட்டிய கல்வெட்டு ஒன்று 1911ஆம் ஆண்டிலே, அந்நகரின் வடிகால் ஒன்றுக்கு மூடுகல்லாகக் கிடந்த நிலையிற் கண்டெடுக்கப்பட்டது. இன்று அது கொழும்பு தேசிய நூதனசாலையில் உள்ளது. 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அக்கல்லில் மூன்று மொழிகள் உள்ளன. சீன மொழி புத்தபெருமானுக்கு அளித்த காணிக்கைகளைச் சொல்கிறது. தமிழ், தேவேந்திரமுனைக் கோயிலிற் குடிகொண்ட நாயனாருக்கு அளித்தவற்றைச் சொல்கிறது. பாரசீகம் இஸ்லாமிய நெறியின்படி இறைவனைப் போற்றுகிறது. சீனப் பேரரசர் இத்தீவினரோடு பேச விரும்பியபோது தமிழையும் ஒரு மொழியாகத் தேர்ந்தார் என்பது நாம் மறக்கத்தகாத செய்தி.

அந்தக் கடற்பயணங்களிலே மொழிபெயர்ப்பாளராகச் சென்றவர் மா ஹுவான் என்னும் சீன முஸ்லிம். தாம் கண்ட நாடுகளைப் பற்றி அவர் ஒரு நூல் எழுதினார். இலங்கையைப் பற்றி எழுதுமிடத்து, நெல்லும் எள்ளும் பயறும் இங்கு உண்டென்றும், தேங்காய் மிகுதி என்றும், கோதுமையும் வாற்கோதுமையும் மட்டும் இல்லை என்றும் குறித்திருக்கிறார். கோதுமை மாவை உண்டு வளர்ந்த நாட்டவர் ஒருவர், நம் கரையில் இறங்கியதும் எதைத் தேடினார், எதைக் காணவில்லை என்பதை இச்சிறு குறிப்பு காட்டுகிறது. நேயர்கள் இதனை நினைவில் இருத்துக. ஆறு நூற்றாண்டுக்கு முன் அவர் எழுதிய அந்த ஒரு குறை, இன்றும் குறையாகவே இருக்கிறது.

இனி மாவிழையின் பிறப்பைப் பார்ப்போம். சீனத்தின் சிங்ஹாய் மாகாணத்தில் லாச்சியா என்னும் தொல்லிடத்திலே, கவிழ்ந்து கிடந்த மட்பாண்டம் ஒன்றினடியில் நீண்டு மெலிந்த இழைகள் காணப்பட்டன. ஏறக்குறைய 4,000 ஆண்டுப் பழமையுடையவை என்றும், தினை போன்ற சிறுதானிய மாவினால் ஆனவை என்றும் ஆய்வாளர் 2005ஆம் ஆண்டில் அறிவித்தனர். ஒட்டுந்தன்மை இல்லாத சிறுதானிய மாவை இத்துணை நீளமாக எப்படி இழைத்தனர் என்ற ஐயம் பின்னர் எழுந்தது. வெந்த மாவைத் துளைகளின் வழியே அழுத்தியிருக்கலாம் என்பது ஒரு சாராரின் விடை. அவ்விடையைக் கேட்டதும் நம் தாய்மார் புன்னகை செய்வர். அரிசி மாவிலே கொதிநீர் விட்டுக் குழைத்து, உரலில் இட்டுப் பிழிவதை அவர்கள் நாள்தோறும் செய்கிறார்கள் அன்றோ?

கோதுமை சீனத்திற்கும் மேற்கிலிருந்து வந்த பயிரே. திரிகைக்கல் பெருகிய ஆன் பேரரசுக் காலத்தில், கோதுமை மாவினாற் செய்த உணவுகள் அங்கே பரவின. கி.பி. மூன்றாம் நூற்றாண்டிலே ஷூ சி என்னும் புலவர், குளிர்காலக் காலையில் ஆவிபறக்கும் மாவுணவைப் புகழ்ந்து ஒரு பாட்டே இயற்றினார். ஆறாம் நூற்றாண்டில் சியா சிசியே என்பவர் எழுதிய வேளாண்மை நூலில், மாட்டுக்கொம்பில் துளைகளிட்டு, அவற்றின் வழியே மாக்கூழைக் கொதிநீரிற் பிழியும் முறை விரித்துரைக்கப்படுகிறது. கொம்புக்குப் பதில் பித்தளை, கொதிநீருக்குப் பதில் நீராவி. மற்றப்படி அது நம் இடியப்ப உரலின் வேலைதான். இதனாற் சீனரிடமிருந்து நாம் கற்றோம் என்றோ, நம்மிடமிருந்து அவர் கற்றனர் என்றோ சொல்ல வேண்டியதில்லை. தானியத்தை மாவாக்கி உண்ணும் மக்கள் மாவை நூலாக்கவும் தாமே அறிந்துகொள்வர்.

மேற்கிலும் அவ்வாறே. மார்க்கோ போலோ சீனத்திலிருந்து மாவிழையை இத்தாலிக்குக் கொண்டுசென்றார் என்ற கதை பலர் கேட்டதே. அது வெறுங்கதை. அவர் பிறப்பதற்கு நூறாண்டுக்கு முன்பே, 1154ஆம் ஆண்டிலே, அல் இத்ரீசி என்னும் அரபுப் புவியியல் அறிஞர், சிசிலித் தீவிலே இத்ரிய்யா என்னும் உலர்ந்த மாவிழை செய்யப்பட்டுக் கப்பல் கப்பலாக அனுப்பப்பட்டதை எழுதிவைத்துள்ளார்.

இழை பழையது, உறைப்போ புதியது. கொலம்பஸ் 1492இல் அமெரிக்கக் கரையை அடையுமுன், சீனரும் தமிழரும் சிங்களரும் மிளகாயைக் கண்டதில்லை. நமக்குக் காரம் என்றால் மிளகும் திப்பிலியும் இஞ்சியுமே. சீனத்தின் சிச்சுவான் மக்களுக்கு, நாவை மரத்துப்போகச் செய்யும் ஹுவாசியாவோ என்னும் மரக்காயின் தோலே காரம். மிளகாய் பதினாறாம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயர் கப்பல்களில் கீழ்த்திசைக்கு வந்தது. சீனத்தில் 1591இல் வெளிவந்த நூலொன்று அதனைக் குறிப்பிடுகிறது. அங்கே முதலில் அது அழகுக்கு வளர்க்கும் செடியாகவே கருதப்பட்டது. உப்புக் கிடைக்காத குயிச்சோ மலைநாட்டு மக்கள் உப்புக்குப் பதிலாக மிளகாயை உண்டனர் என்று பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்துக் குறிப்பொன்று கூறுகிறது. ஆகவே சீனத்தின் உறைப்பு, வறியவர் அடுப்பிலே பிறந்தது எனலாம்.

பெயர்களைப் பாருங்கள். சீனர் நம் பக்கத்து மிளகை அயலார் காரம் என்னும் பொருள்படவே அழைத்தனர். மிளகாயையும் அப்படியே அயல்நாட்டுக் காரம் என்றனர். சிச்சுவான் மக்கள் கடற்காரம் என்றும் சொல்வர். நாமோ மிளகைப் போல உறைக்கும் காய் என்று மிளகாய் ஆக்கினோம். கிழக்கிலங்கையில் அதுவே கொச்சிக்காய். கொச்சித் துறைமுகத்தின் பெயர் அச்சொல்லில் ஒலிக்கிறது. வந்த விருந்தாளியைப் பழைய உறவின் பெயரால் அழைத்து வீட்டுக்குள் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் இரு நாட்டாருக்கும் பொதுவாக இருந்திருக்கிறது.

சிச்சுவானில் தோளிலே காவடி போலத் தடியைச் சுமந்து, ஒரு புறம் அடுப்பும் மறுபுறம் மாவிழையுமாகத் தெருத்தெருவாக விற்றவர்களால், அவ்வுணவுக்குத் தடி என்ற பொருளுடைய தான் தான் என்னும் பெயரே நிலைத்தது. வடமேற்கிலே லாஞ்சோ நகரில் ஹூயி என்னும் சீன முஸ்லிம்கள் கையால் இழுத்துச் செய்யும் மாவிழை புகழ்பெற்றது. 1915ஆம் ஆண்டில் மா பாவோசி என்பவர் மாட்டிறைச்சிச் சாற்றோடு அதனை விற்கத் தொடங்கினார் என்பது அந்நகரத்து வழக்கு. அக்கோப்பைக்கு ஐந்து இலக்கணம் சொல்வர்: சாறு தெளிவாக, முள்ளங்கி வெண்மையாக, உறைப்பெண்ணெய் சிவப்பாக, கொத்தமல்லி இலை பச்சையாக, இழை மஞ்சளாக இருத்தல் வேண்டும். ஹலால் முறையில் அமைந்த அவ்வுணவு, புல்மோட்டை வீடொன்றின் சமையலறைக்குள் எவ்விதத் தயக்கமுமின்றி நுழையத் தக்கது.

தமிழர் வேறு கரைகளில் இவ்வுணவைத் தமதாக்கிக்கொண்ட கதையும் உண்டு. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் தெருவோரக் கடை வைத்த தமிழ் முஸ்லிம்கள், சீனரின் மஞ்சள் மாவிழையை வாங்கி, அரைத்த மிளகாயோடு தாச்சியிலே வதக்கி, மீ கோரெங் என்னும் உணவை வழங்கினர். பர்மாவிலிருந்து 1960களில் உடைமை இழந்து தமிழ்நாட்டுக்குத் திரும்பியவர்கள், சென்னைத் துறைமுகத்தருகே அத்தோ என்ற பெயரில் பர்மிய மாவிழைக் கலவையை விற்றுப் பிழைத்தனர். அயலூரிற் கற்ற சமையலே நாடு திரும்பியவருக்குச் சோறு போட்டது. நம் தீவுக்கும் சீனத்துத் துணி வியாபாரிகள் மூட்டையோடு வந்து வீடு வீடாகப் பட்டு விற்றனர். அவர்கள் வழிவந்தோர் பற்கட்டும் தொழிலும் உணவுச்சாலையும் நடத்தி இங்கேயே தங்கினர்.

மாவிழை இத்தீவிலே சாதாரண வீட்டுக்குள் வருவதற்கு, முதலிற் கோதுமை மா வரவேண்டியிருந்தது. பாண் என்ற சொல்லைத் தந்தவர் போர்த்துக்கேயர். ஆயினும் நெடுங்காலம் அது நகரத்தார் உணவாகவே இருந்தது. 1942ஆம் ஆண்டு மார்ச் மாதம் இரங்கூன் நகரம் யப்பானியர் வசமாயிற்று. ஏப்பிரல் 9ஆந் திகதி அவர்களுடைய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. பர்மாவிலிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டு முறை வந்தது. அரிசி குறைந்த இடத்தைக் கோதுமை மா நிரப்பிற்று. போர் முடிந்தும் அப்பழக்கம் முடியவில்லை. அமெரிக்கன் மா என்று மக்கள் அதனை அழைத்தனர். பாணாகவும் ரொட்டியாகவும் பிட்டாகவும் அது நம் வீட்டு உறுப்பாயிற்று.

அரிசிக்காகப் பட்ட பாட்டையும் இங்கே சொல்ல வேண்டும். 1952 டிசெம்பரில் இலங்கை சீனத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. ஆண்டுக்கு 50,000 மெற்றிக் தொன் றப்பரை நாம் கொடுக்க, 2,70,000 மெற்றிக் தொன் அரிசியை அவர்கள் அனுப்புவதாக ஏற்பாடு. அடுத்த ஆண்டு பங்கீட்டரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, 1953 ஓகத்து 12ஆந் திகதி நாடளாவிய கர்த்தால் நிகழ்ந்தது. சில மாதங்களுள் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். கப்பலில் வரும் உணவின் விலை ஓர் அரசாங்கத்தையே அசைக்கும் என்பதற்கு அதனினும் வேறு சான்று வேண்டுமா? சீனத்திலிருந்து அன்று நமக்கு வந்தது மாவிழையன்று, அரிசியே என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

பின்னர் 1977இல் சிங்கப்பூரின் பிரீமா நிறுவனத்தோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, திருகோணமலைச் சீனக்குடாவிலே பெரியதொரு மா ஆலை எழுந்தது. 1980இல் அது இயங்கத் தொடங்கியது. கோதுமை மணியைக் கப்பல் கொண்டுவந்து இறக்கும். ஆலை அதனை மாவாக்கி நாடெங்கும் அனுப்பும். இதற்கிடையில், தாய்வானிற் பிறந்து யப்பானிற் குடியேறிய அந்தோ மொமொபுக்கு என்பவர், எண்ணெயிற் பொரித்து உலர்த்திய உடனடி நூடில்ஸை 1958ஆம் ஆண்டில் உருவாக்கியிருந்தார். இரண்டும் இங்கே சந்தித்தன. கொத்து மீ என்ற பெயருடன் ஒரு பொட்டலம் இன்று கடைகளில் விற்கிறது. கொத்து என்பது நம் தமிழ். மீ என்பது தென்சீனத்து ஹொக்கியன் மக்கள் கோதுமை இழையைக் குறிக்கும் சொல். ஒரு பொட்டலத்தின் மேலே இரு நாட்டுச் சொற்களும் பக்கத்திற் பக்கமாக அமர்ந்திருக்கின்றன.

இனி வீட்டிலே செய்யும் முறையைச் சொல்கிறேன். நால்வருக்கு அரைக் கிலோ கோதுமை மா போதும். அரிதட்டிலே அரித்த மாவில் ஒரு தேக்கரண்டி உப்பிட்டு, 200 மில்லிலீற்றர் நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்துப் பிசைய வேண்டும். ரொட்டிக்குக் குழைப்பதைவிட மா இறுக்கமாக இருக்கும். இது சரிவராது என்று தோன்றும். நீரைக் கூட்டாமல், ஈரத்துணியால் மூடி அரைமணி நேரம் வைத்துவிடுக. பின்பு எடுத்துப் பிசைந்தால், முரண்டிய மா பட்டுப்போல வளைந்து கொடுக்கும். மாவிலுள்ள புரதம் நீரை உறிஞ்சி வலைபோலப் பின்னிக்கொள்வதே அதற்குக் காரணம்.

இவ்விடத்திலே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நம் பெண்கள் கோதுமை மாவில் இடியப்பம் செய்யும்போது, மாவைத் துணியிற் கட்டி முதலில் ஆவியில் அவிக்கிறார்கள். அவித்த மாவிலே அந்தப் புரதம் பின்னும் வலிமையை இழந்துவிடுகிறது. எனவே மா இழுபடாமல் உரலின் துளை வழியே இறங்குகிறது. சீனத்துப் பெண்ணோ அதற்கு நேர்மாறாக, அவ்வலிமையைக் கூட்டும் வழியைத் தேடினாள். பாலைநிலச் செடியைச் சுட்ட சாம்பலின் காரத்தை மாவிலே சேர்த்தாள். இழை இறுகியது, மஞ்சள் நிறமும் பெற்றது. ஒரே மாவின் ஒரே குணம், ஓரிடத்தில் அடக்கப்பட்டது, மற்றோரிடத்தில் வளர்க்கப்பட்டது. ஏடு படியாத இரு சமையலறைகள் கண்டறிந்த அறிவு இது.

சாம்பற் காரத்திற்கு ஈடாக, அப்பச்சோடாவைத் தட்டிலே பரப்பிப் போறணையில் 130 பாகை வெப்பத்தில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்தால், அது சலவைச் சோடாவைப் போன்ற வலிய காரமாக மாறும். அதில் ஒரு தேக்கரண்டியை மட்டமாக எடுத்து, குழைக்கும் நீரிலே கரைத்துக்கொள்ளலாம். அதனை ஈரக்கையால் அளைதல் ஆகாது; தோலை எரிக்கும். போறணை இல்லாத வீட்டார் உப்போடு நிறுத்திக்கொண்டாலும் இழை வரும். மஞ்சள் நிறமும் கடிக்கும்போதுள்ள துள்ளலும் சற்றுக் குறையும், அவ்வளவே.

மாவை நான்கு பங்காக்கி, ஒவ்வொன்றையும் பலகையிலே உருட்டிக் கடதாசித் தடிப்பினும் சிறிது கூடுதலாகத் தட்டையாக்குக. மேலே மாவைத் தூவி, சேலையை மடிப்பதுபோல மடித்து, கூரிய கத்தியால் மெல்லிய கீற்றுகளாக வெட்டி, உடனே கையால் உதறிப் பிரித்து விடுக. நிறைய நீர் தளதளவென்று கொதிக்கும்போது இட்டால், இரண்டு மூன்று நிமிடத்தில் வெந்துவிடும். குறைந்த நீரில் இட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும்.

உறைப்பெண்ணெய்க்கு, செத்தல் மிளகாயை வறுத்துக் கரகரப்பாக இடித்து, ஐந்து மேசைக்கரண்டி அளவு எடுத்துக்கொள்க. அதனோடு சிறிது எள்ளும் உப்பும் சேர்த்து ஓர் உலர்ந்த பாத்திரத்தில் இடுக. தாச்சியிலே 200 மில்லிலீற்றர் எண்ணெய் விட்டு, இஞ்சித் துண்டும் வெங்காயத் தாளும் ஒரு கறுவாப் பட்டையும் இட்டு, அவை பொன்னிறமாகும்வரை காய்ச்சி வடித்து எடுக்க வேண்டும். கொதிக்கும் எண்ணெயை உடனே ஊற்றினால் மிளகாய் கரிந்து கசக்கும். சற்று ஆறவிட்டு, இரண்டு மூன்று தடவையாக ஊற்றுக. நுரைத்துச் சீறுகிறதே தவிரக் கறுக்கவில்லை என்றால் பதம் சரி. மறுநாள் நிறமும் மணமும் இன்னும் கூடியிருக்கும்.

கோப்பையின் அடியிலே ஒரு மேசைக்கரண்டி சோயா சோஸ், ஒரு தேக்கரண்டி விநாகிரி, நசுக்கிய உள்ளி, இரண்டு கரண்டி உறைப்பெண்ணெய் ஆகியவற்றை இட்டு, இழை வெந்த நீரில் ஓர் அகப்பை ஊற்றி, அதன்மேல் இழையை வைத்துக் கலந்து, வறுத்து இடித்த கச்சானும் வெங்காயத் தாளும் தூவுக. சிச்சுவானின் நாமரத்தற் காய் நம்மிடம் இல்லை. மிளகு உறைப்பைத் தரும், மரப்பைத் தராது. அதற்காக வருந்த வேண்டாம். புல்மோட்டையை அடுத்த கொக்கிளாய்க் களப்பின் இறாலை மஞ்சளும் உப்புமிட்டு வதக்கி மேலே வைத்தால், லாஞ்சோ நகரத்தாருக்கும் கிட்டாத சுவை அது.

நேயர்களே, இப்பொழுது அந்தக் கோப்பையை மறுபடியும் நோக்குவோம். அதிலே இரண்டு விருந்தாளிகள் இருக்கிறார்கள். ஒன்று மிளகாய், மற்றது கோதுமை. இரண்டும் கப்பலேறியே வந்தன. மிளகாய் வந்த இடத்திலே வேரூன்றியது. 1970களின் முற்பகுதியில் அரசாங்கம் மிளகாய் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரரும் வன்னி விவசாயியும் அதனைப் பயிரிட்டு நாட்டுக்கும் கொடுத்தனர், தாமும் தழைத்தனர். கப்பல் வராத ஆண்டுகளே மிளகாய்க்கு நல்ல ஆண்டுகளாயின. கோதுமையோ அவ்வாறன்று. அது நம் மண்ணிலே விளையவில்லை; நம் வெப்பநிலத்திலே விளைவதும் அரிது. அதே 1970களில், விடியுமுன்பே பாணுக்காக மக்கள் வரிசையில் நின்றனர். 2022ஆம் ஆண்டிலே வெளிநாட்டுச் செலாவணி வற்றியபோதும், உக்ரேன் போரினால் உலகக் கோதுமை விலை ஏறியபோதும், மாவின் விலையும் பாணின் விலையும் ஏழைவீட்டுக் கைக்கு எட்டாமல் உயர்ந்தன. சமையல் வாயுவும் இல்லாது பலர் விறகடுப்புக்குத் திரும்பினர். மா ஹுவான் எழுதிய குறை அன்று ஒரு பயணியின் வியப்பு. 2022இலே அது நம் பிள்ளைகளின் பசி.

இதனாற் கோதுமையை வெறுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விருந்தாளியை வெறுப்பது நம் மரபன்று. ஆனால் விருந்தாளி வராத நாளுக்கும் வீட்டிலே அடுப்பு எரிய வேண்டும். அதற்கு வழி தேடிச் சீனத்தை விட்டும் வெளியே போகவேண்டியதில்லை. தென்சீனத்து மக்கள் அரிசி மாவிலேயே இழை செய்கிறார்கள். குயிலின், ஹூனான், குயிச்சோ ஆகிய இடங்களிலே மிளகாயோடு அவ்வரிசி இழையை உண்பதே காலையுணவு. சீன உணவு என்றாற் கோதுமைதான் என்பது நம் கடைப்பொட்டலம் கற்பித்த பாடம்.

ஆதலால், மா கிடைக்கும் நாளிலே மேலே சொன்னவாறு இழை வெட்டிச் செய்து பாருங்கள். மா கிடைக்காத நாளிலே, பரணில் ஏற்றிவைத்த இடியப்ப உரலை இறக்குங்கள். வறுத்த அரிசி மாவைக் கொதிநீரிற் குழைத்துப் பிழிந்து, ஆவியில் அவித்து, ஆறவிட்டு உதிர்த்து, அதே உறைப்பெண்ணெயையும் உள்ளியையும் சோயா சோஸையும் இட்டுக் கலந்து கொடுங்கள். கொதிநீரில் மட்டும் இடவேண்டாம்; குழைந்துவிடும். பிள்ளைகள் அதனை நூடில்ஸ் என்றே சொல்லி உண்பார்கள். அதிற் பிழையும் இல்லை. துளையுள்ள கொம்பிலே மாவைப் பிழிந்த அக்காலச் சீனர் கண்டாலும் அவ்வாறே சொல்லியிருப்பர்.

புல்மோட்டையின் கருமணல் கப்பலேறிப் போயிற்று; சீனக்குடாவுக்கு வெண்மா தரும் மணி கப்பலேறி வருகிறது. போவதையும் வருவதையும் தீர்மானிப்பது பெரும்பாலும் நம் கையில் இல்லை. அரிசிமலைக்கு அப்பாலுள்ள வயலிலே விளையும் நெல்லும், சுவரோரத்துக் கொச்சிச் செடியும், பரணிலிருக்கும் உரலும் நம் கையில் இருக்கின்றன. அவற்றைக் கைவிடாத வீட்டிலே எந்த நாட்டு விருந்தாளியும் அச்சமின்றி வந்து உண்ணலாம்.